பூனையா, ஜாக்கியா? ஸ்பானிஷ் வாசிக்கத் தொடங்குறவங்களுக்கு

எங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ரொம்பச் சின்னது. சொட்டு நீர்ப் பாசனத்துக்கு ஒரு கன்ட்ரோலர். மண்ணில் ஈரம் குறைஞ்சா பம்ப் ஓடணும், ஈரம் வந்தா நிக்கணும், அவ்வளவுதான். இதே மாதிரி ஒண்ணைத் தென் அமெரிக்க மாணவர் ஒருத்தர் ஏற்கெனவே செய்து, சர்க்யூட் படத்தோட முழு அறிக்கையையும் இணையத்தில் போட்டிருந்தார். எல்லாமே ஸ்பானிஷ். கவலைப்படல. போன் கேமராவைப் படத்துக்கு நேரா பிடிச்சா ஆப் ஆங்கிலத்தில் மாத்திக் கொடுத்துடுது. ஒரு இடத்தில் ‘பாம்’ என்றது. இன்னொரு இடத்தில் ‘கீ’. கறுப்பு வயர் பக்கத்தில் ‘சாயில்’.

பாம் என்பது பம்ப் என்று சிரிச்சுக்கிட்டே கண்டுபிடிச்சோம். கீ என்னன்னு புரியல, விட்டுட்டோம். சாயில் என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகமே வரல. மண் ஈரம் பார்க்கிற சென்சார், வயர் மண்ணுக்குத்தானே போகும்? கறுப்பு வயரின் நுனியைச் சீவிப் பூந்தொட்டியில் சொருகினோம். மூணு பேரும் மெக்கானிக்கல். சிரிக்கிறவங்க சிரிச்சுக்கலாம். சென்சார் ரெண்டு நாளா ஒழுங்கான ரீடிங் தரல. ரிவ்யூவுக்கு முந்தின ராத்திரி எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிற தோழி ஒருத்தி வந்து, தொட்டியைப் பார்த்து, எங்களைப் பார்த்து, “டேய், அது கிரவுண்ட்” என்றாள்.

அந்தச் சொல் ‘தியெர்ரா’. மண்ணுக்கும் அதுதான், நிலத்துக்கும் அதுதான், எர்த்திங்குக்கும் அதுதான். அறிக்கையை எழுதினவர் மேல தப்பே இல்ல, படத்துக்குக் கீழே ரெண்டு வரியில் தெளிவா விளக்கியிருந்தார். அந்த ரெண்டு வரியை நாங்க வாசிக்கல. மொழிபெயர்ப்பு ஆப் நீளமான வாக்கியத்தைப் பெரும்பாலும் சரியாவே கொடுக்கும். படத்தில் தனியா நிக்கிற ஒத்தைச் சொல்லுக்கு முன்னும் பின்னும் எதுவும் இல்லாததால் அதுவும் குத்துமதிப்பாத்தான் சொல்லும்.

அன்னைக்கு ஆரம்பிச்சதுதான். பேச இல்ல, வாசிக்க மட்டும். இப்போ அஞ்சு மாசம் ஆச்சு. எங்க துறை அறிக்கைகளை அகராதி பக்கத்தில் இருந்தா வாசிச்சுடுவேன். செய்தி கொஞ்சம் மெதுவா. கதை இன்னும் தகராறுதான். இந்த அளவுக்கு வர என்ன செய்யணும் என்று ஆரம்பிக்கிறவங்களுக்கு மட்டும் சொல்றேன். ஸ்பானிஷ் சொற்களை வேணும்னே தமிழ் எழுத்தில் தர்றேன், முதல்ல சத்தம் காதில் விழணும் என்பதற்காக. எழுத்துக்கூட்டலை நீங்களே தேடி எடுங்க, அதுவும் பயிற்சிதான்.

முதல் நல்ல செய்தி, சத்தம். ஆங்கிலம் மாதிரி எழுத்து ஒண்ணு, உச்சரிப்பு ஒண்ணு என்ற தொல்லை இங்கே இல்ல. உயிரொலி அஞ்சே அஞ்சு: ஆ, ஏ, ஈ, ஓ, ஊ. எந்தச் சொல்லில் வந்தாலும் அதே சத்தம்தான். எச் எழுத்துக்குச் சத்தமே கிடையாது. நூலுக்கு ‘இலோ’, எழுதும்போது மட்டும் முன்னாடி ஒரு எச் சும்மா உட்கார்ந்திருக்கும். ஜே எழுத்துக்கு ‘ஹ’ சத்தம். ஜி எழுத்தும் இ, எ முன்னாடி வந்தா ‘ஹ’ ஆகிடும். அதனால நம்ம படிப்புக்குப் பேரு ‘இன்ஹெனியெரீயா’. ரெண்டு எல் சேர்ந்து வந்தா ‘ய’. பி-யும் வி-யும் எழுத்தில் வேற, சத்தத்தில் ஒண்ணு. தலையில் அலை போட்ட என் எழுத்து நம்ம ‘ஞ’. அந்த அலையைச் சோம்பேறித்தனமா விட்டுடாதீங்க. ‘அஞோ’ என்றால் வருஷம். அலை இல்லாம எழுதினா உடம்பின் பின்பக்கத்தில் இருக்கிற ஒரு துவாரம். “எனக்கு இருபத்தொண்ணு ஆகுது” என்று எழுதப் போய் என்ன ஆகும் என்று யோசிச்சுப் பாருங்க.

இதில் நமக்கு ஒரு சலுகை உண்டு. ஆங்கிலம் மட்டும் தெரிஞ்சவங்களுக்கு ஸ்பானிஷ் ‘த’ கஷ்டம், அவங்க நாக்கு ‘ட’ பக்கம் போகும். நமக்கு அது வீட்டுச் சத்தம். ‘அது’ என்று சொல்லும்போது நடுவில் த மெலிஞ்சு வருது இல்லையா, ஸ்பானிஷிலும் ரெண்டு உயிருக்கு நடுவில் வரும் ‘த’ அப்படியேதான் மெலியும். ‘பெரோ’ என்றால் ஆனால், ‘பெர்ரோ’ என்றால் நாய்; ர-வை ஒரு தட்டா, உருட்டலா என்பதுதான் வித்தியாசம். அப்புறம், எஸ் எழுத்தோட இன்னொரு மெய் சேர்ந்து சொல் ஆரம்பிக்காது, முன்னாடி ஒரு எ ஒட்டிக்கும். ஸ்கூலுக்கு ‘எஸ்க்வேலா’, ஸ்டேஷனுக்கு ‘எஸ்தாசியோன்’. எங்க பாட்டி இஸ்கூல், இஸ்டேஷன் என்று சொல்லும்போது நாங்க சிரிப்போம். பாட்டி சொன்னது ஒரு பெரிய மொழியின் விதி.

மேலே கோடு போட்ட எழுத்து வந்தா அங்கே அழுத்தம். இதை அலங்காரம் என்று நினைச்சு ஒரு மாசம் கண்டுக்காம இருந்தேன். ‘கொனெக்தோ’ கோடு இல்லாம வந்தா “இணைக்கிறேன்”. கடைசி எழுத்தில் கோடு வந்தா “இணைத்தார்”. ஒரு கோட்டில் ஆளும் மாறுது, காலமும் மாறுது. இன்னொரு குறியையும் பார்ப்பீங்க, கேள்வி தொடங்குற இடத்திலேயே தலைகீழா ஒரு கேள்விக்குறி. ஸ்பானிஷ் அகாதெமி அதை 1754-ல் வெளிவந்த எழுத்திலக்கணத்தில் விதியாக்கியது. வாசிக்கிறவனுக்கு இது பெரிய உபகாரம். வாக்கியம் பாதி போன பிறகு “ஓ, இது கேள்வியா” என்று திரும்பி வர வேண்டியதில்லை.

இப்போ முக்கியமான விஷயம். எதை வாசிச்சு ஆரம்பிக்கிறது?

எல்லாரும் சொல்றது குழந்தைக் கதைப் புத்தகம். நானும் அதைத்தான் செய்தேன், மூணாம் பக்கத்தில் விட்டேன். குழந்தைக் கதையில் முயல், சட்டி, தும்மல், ஒளிஞ்சுக்கிறது, கிச்சுகிச்சு மூட்டுறது என்று வீட்டுச் சொல்லா வரும். ஒண்ணுக்கும் ஆங்கிலத்தோட சொந்தம் இருக்காது. அதே நேரம் ஓம் விதி பற்றிய ஸ்பானிஷ் விக்கிப்பீடியா பக்கத்தை எடுத்தேன். ரெசிஸ்தென்சியா, கொர்ரியென்தே, சிர்குயித்தோ, வொல்தாஹே. பாதிச் சொற்கள் கைகாட்டிக் கூப்பிட்டன. ஆங்கிலத்தின் அறிவியல் சொற்களில் ஏராளமானவை லத்தீனில் இருந்து வந்தவை, ஸ்பானிஷோ லத்தீனின் நேரடி வாரிசு. அதனால சொல் நீளமா, கனமா இருந்தா உங்களுக்கு ஏற்கெனவே தெரிஞ்சிருக்க வாய்ப்பு அதிகம். ஷன் என்று முடியுறது ‘சியோன்’ ஆகும். வெலாசிட்டி, டென்சிட்டி மாதிரிச் சொற்கள் ‘வெலோசிதாத்’, ‘தென்சிதாத்’ ஆகும். நம்ம ‘ஆக’ விகுதி மாதிரி வினைக்கு முன்னாடி வர்ற சொற்கள் ‘மென்தே’ என்று முடியும். இப்படி நாலு மாற்றம் தெரிஞ்சா நூத்துக்கணக்கில் சொற்கள் ஓசியில் வரும். விஷயமும் தெரிஞ்சது என்பதால் தப்பா வாசிச்சா உடனே மாட்டிக்குவீங்க, ஏன்னா ஃபார்முலா பக்கத்திலேயே இருக்கு.

ஓசியில் வர்றதில் சிலது ஏமாத்தும். ‘எக்ஸிதோ’ என்பது எக்ஸிட் இல்ல, வெற்றி. வெளியே போற வழி ‘சலீதா’. ‘லிப்ரெரீயா’ நூலகம் இல்ல, புத்தகக் கடை. ‘கார்பேதா’ தரைவிரிப்பு இல்ல, ஃபோல்டர். ‘எம்பராசாதா’ என்பதைக் கூச்சம் என்று நினைச்சு எழுதின எல்லாரும் தன்னைக் கர்ப்பிணி என்று அறிவிச்சிருக்காங்க.

ஆனா உண்மையான கஷ்டம் பெரிய சொற்களில் இல்ல, ரெண்டெழுத்துச் சொற்களில் இருக்கு. தே, கே, ஸே, லோ, லே, போர், பாரா, யா, சின். ஒவ்வொரு வரியிலும் வரும், அகராதியில் தேடினா அரைப் பக்கத்துக்கு அர்த்தம் போட்டிருக்கும். முதல் ரெண்டு வாரம் வேற எதுவும் வேண்டாம், இந்த மாதிரி ஒரு முப்பது சொல்லை மட்டும் பிடிங்க. இந்த இடத்தில் ஆங்கிலம் கையை விரிச்சுடும். அப்போ எனக்குக் கைகொடுத்தது தமிழ். இதை நான் கொஞ்சமும் எதிர்பார்க்கல.

நான் எல்.கே.ஜி.யில் இருந்து ஆங்கில வழி. பத்தாவது வரைக்கும் தமிழ் மார்க்குக்காகப் படிச்சது. ஐ, ஆல், கு, இன், அது, கண் என்று வேற்றுமை உருபை வாய்ப்பாடு மாதிரி ஒப்பிச்சேன், எதுக்குன்னு கேட்டதில்ல. ஸ்பானிஷ் பாடப்புத்தகம் எல்லாம் ஆங்கிலத்தில் விளக்குது. “மே குஸ்தா எல் கஃபே” என்பதற்கு “நான் காபியை விரும்புகிறேன்” என்று பொருள் போட்டுட்டு, அப்புறம் இதில் காபிதான் எழுவாய், வினை காபிக்கு ஏத்த மாதிரி மாறும், இது விநோதமான அமைப்பு என்று ரெண்டு பக்கம் மன்னிப்புக் கேட்கும். நானும் அந்த ரெண்டு பக்கத்தை மூணு தடவை படிச்சேன். அப்புறம் ஒரு நாள் பஸ்ஸில் உறைச்சது. எனக்குக் காபி பிடிக்கும். அவ்வளவுதானே? மே என்றால் எனக்கு. நான்காம் வேற்றுமை. இதில் என்ன விநோதம், நான் பொறந்ததில் இருந்து இப்படித்தான் பேசுறேன்!

அதுக்கப்புறம் மடமடன்னு வந்தது. “மே துவேலே லா கபேசா”: எனக்குத் தலை வலிக்குது. “மே ஃபால்தா தியெம்போ”: எனக்கு டைம் பத்தல. “மே பரேசே”: எனக்குத் தோணுது. தே என்றால் உனக்கு, லே என்றால் அவருக்கு. (‘என்னை’ என்பதற்கும் மே-தான், அதை மறந்துடாதீங்க.) எங்கேயாவது மே, தே, லே வந்தா அதை ஆங்கிலத்தில் யோசிக்கிறதை நிறுத்திட்டு ‘கு’ போட்டுப் பாருங்க.

வினையும் அப்படித்தான். கொனெக்தோ, கொனெக்தாஸ், கொனெக்தா, கொனெக்தாமோஸ், கொனெக்தான். இணைக்கிறேன், இணைக்கிறாய், இணைக்கிறார், இணைக்கிறோம், இணைக்கிறார்கள். யார் செய்யுறாங்க என்பது வால்லயே இருக்கு, அதனால நான், நீ என்று தனியா சொல்லத் தேவையில்ல. ஆங்கிலம் வழியா வர்றவங்க வாக்கியத்தின் தலையில் எழுவாயைத் தேடிக்கிட்டே இருப்பாங்க. நீங்க வினையின் கடைசி எழுத்தைப் பாருங்க. (கொனெக்தான் என்பது ‘வந்தான்’ மாதிரி ஒரு பையனைச் சொல்றதாக் காதில் விழும். இல்ல, அது பலர்.) நீ, நீங்க வித்தியாசம் கூட உண்டு. ‘தூ’ நீ, ‘உஸ்தெத்’ நீங்க.

இருக்கிறதுக்கு ரெண்டு வினை இருக்கு என்று பயமுறுத்துவாங்க, எஸ் ஒண்ணு, எஸ்தா ஒண்ணு. இதிலும் தமிழ் பாதி தூரம் வரும். “அவன் இன்ஜினியர்” என்று வினையே இல்லாம நிறுத்துறோம் பாருங்க, அங்கே எஸ். “அவன் வீட்ல இருக்கான்”, “சோர்வா இருக்கான்” என்று ‘இரு’ போடுற இடத்தில் எஸ்தா. மீதிப் பாதியில் உதைக்கும். “அவ உயரமா இருக்கா” என்று நாம இரு போடுவோம், ஸ்பானிஷில் உயரம் என்பது ஆளோட குணம், அதனால எஸ். ஒரே சொல்லை மாத்திப் போட்டா அர்த்தமே மாறுறதும் உண்டு. ‘அபுர்ரீதோ’வோட எஸ் வந்தா ஆள் போர் அடிக்கிறவர், எஸ்தா வந்தா அவருக்குப் போர் அடிக்குது.

தமிழ் கொஞ்சமும் உதவாத இடம், பொருட்களுக்கு ஆண்பால் பெண்பால். புத்தகம் ஆண், மேசை பெண். ஏன்னு கேட்காதீங்க, பதில் இல்ல. வாசிக்க மட்டும்தான் என்றால் இதில் நேரத்தைக் கொட்ட வேண்டாம், எழுதுறவங்களுக்குத்தான் அந்தத் தலைவலி.

மேசை என்றதும் ஞாபகம் வந்தது. ஸ்பானிஷிலும் அது ‘மேசா’. பதினாறாம் நூற்றாண்டில் இங்கே வந்த போர்த்துகீசியர்கள் மேசை, அலமாரி, சாவி, பாதிரி எல்லாத்தையும் தமிழில் விட்டுட்டுப் போனாங்க. ஸ்பானிஷும் போர்த்துகீசியமும் பக்கத்து வீடு. அதனால அங்கேயும் அலமாரி ‘அர்மாரியோ’, பாதிரி ‘பாத்ரே’. சாவி மட்டும் ஸ்பானிஷில் ‘யாவே’ ஆயிடுச்சு, லத்தீன் மூலம் ரெண்டுக்கும் ஒண்ணுதான். சர்க்கரைக்கு ‘அசூகார்’, நம்ம சர்க்கரையும் அதுவும் ஒரே சமஸ்கிருத வேரில் பிரிஞ்சவை, ஸ்பானிஷுக்கு அது அரபி வழியாப் போச்சு.

அந்த யாவேதான் எங்க படத்தில் இருந்த ‘கீ’. சாவிக்கும் யாவே, குழாய்த் திருகுக்கும் யாவே, ஸ்பேனருக்கும் யாவே. நாங்க விட்டுட்டுப் போனது தண்ணி வழியில் இருந்த வால்வு. பம்ப்பும் வெடிகுண்டும் ‘போம்பா’. இப்போ அந்த அறிக்கை மாதிரி ஒரு வரியை நான் எழுதித் தர்றேன், வாசிங்க:

ஸே கொனெக்தா எல் காப்லே ரோஹோ ஆ லா பதெரீயா, இ எல் காப்லே நெக்ரோ ஆ தியெர்ரா. லா போம்பா ஸே அபாகா க்வாந்தோ லா உமெதாத் சுபெரா எல் 60 போர் சியென்தோ.

காப்லே, பதெரீயா, உமெதாத் மூணும் உங்களுக்குத் தெரியும் (கேபிள், பேட்டரி, ஹியூமிடிட்டி). ரோஹோ சிவப்பு, நெக்ரோ கறுப்பு. அபாகா அணையுது, க்வாந்தோ எப்போ, சுபெரா தாண்டுது. மிச்சம் ‘ஸே’. டெக்னிக்கல் ஸ்பானிஷில் இதைவிட முக்கியமான சொல் இல்ல. ஸே கொனெக்தா என்றால் “இணைக்கப்படுகிறது”, நம்ம பேச்சில் “இணைக்கணும்”. யார் இணைக்கிறாங்க என்பது தேவையில்ல. ஸே அபாகா என்றால் “தானா அணையுது”. இந்த ஸே தெரியாம ஒரு மேனுவலும் வாசிக்க முடியாது. தெரிஞ்சா பாதி மேனுவல் முடிஞ்ச மாதிரி. இப்போ சொல்லுங்க, கறுப்பு வயர் எங்கே போகுது? பேட்டரிக்கு எதிரா சொல்லியிருக்கு பாருங்க, தொட்டிக்கு வேலையே இல்ல. வாக்கியமா வாசிச்சிருந்தா எனக்கு ரெண்டு நாள் மிச்சமாகியிருக்கும்.

எண்களில் ஒரு எச்சரிக்கை. ஸ்பெயினிலும் தென் அமெரிக்காவின் பல நாடுகளிலும் தசமப் புள்ளிக்குப் பதிலா காற்புள்ளி போடுவாங்க. 3,3 வோல்ட் என்றால் மூணு புள்ளி மூணு. 1.500 என்றால் ஒண்ணரை இல்ல, ஆயிரத்து ஐநூறு. மெக்சிகோவில் நம்ம மாதிரிப் புள்ளிதான், அதனால அறிக்கை எந்த நாடு என்று முதல்ல பாருங்க. ‘பில்யோன்’ என்பது ஆங்கில பில்லியன் இல்ல, அதைவிட ஆயிரம் மடங்கு, லட்சம் கோடி.

வாசிக்கிற முறை பற்றி அதிகம் சொல்ல ஒண்ணுமில்ல. ஒரு நாளைக்கு ஒரு பத்தி. முதல் தடவை அகராதியைத் தொடாம சத்தமா வாசிங்க, வினை வாலை மட்டும் பென்சிலில் கோடு போடுங்க. ரெண்டாவது தடவை அதிகபட்சம் அஞ்சு சொல்லுக்கு அகராதி. ஆறாவது சொல் தெரியலேன்னா தெரியாமலே இருக்கட்டும். ஸ்பானிஷ் அகாதெமி அகராதி இணையத்தில் இலவசம், ஆனா விளக்கமும் ஸ்பானிஷிலேயே இருக்கும், அது மூணாவது மாசத்துக்கு. ஆப்பில் தினமும் பச்சைப் பறவைக்குத் தீனி போடுறவங்க போடுங்க, தப்பில்ல. நான் எழுபது நாள் போட்டேன். ஒரு பத்தியும் வாசிக்க வரல.

கதை வாசிக்கணும் என்று ஆசை இருந்தா மார்க்கேஸில் ஆரம்பிக்காதீங்க. ‘தனிமையின் நூறு ஆண்டுகள்’ தமிழிலேயே கிடைக்குது, அதை அப்படி வாசிங்க. ஸ்பானிஷில் முதல் கதையா அகுஸ்தோ மொந்தெர்ரோசோ 1959-ல் ஒரு தொகுப்பில் வெளியிட்ட ‘எல் தினோசௌரியோ’வைத் தேடுங்க. மொத்தக் கதையும் ஏழே சொல். அந்த ஏழில் ரெண்டு இறந்தகால வினை இருக்கு. ஒண்ணு சட்டுனு நடந்து முடிஞ்சது, இன்னொண்ணு நீடிச்சுக்கிட்டு இருந்த நிலை. ஸ்பானிஷின் ரெண்டு இறந்தகாலத்துக்கும் இதைவிடச் சின்னப் பாடம் நான் பார்க்கல. இன்னொரு வேடிக்கை, தூக்கம் கலைஞ்சது யாருக்கு என்று கதையில் இல்லவே இல்ல. ஆணா, பெண்ணா, வேற ஏதாவதா? ஸ்பானிஷ் வினை வால் ஆளைச் சொல்லும், ஆண் பெண் சொல்லாது. நான் அதைத் தமிழில் எழுதிப் பார்க்க உட்கார்ந்து வினையிலேயே மாட்டிக்கிட்டேன். விழித்தானா, விழித்தாளா, விழித்ததா? எதைப் போட்டாலும் மூலத்தில் இல்லாத ஒருத்தரை நான் உள்ளே கொண்டுவர்றேன். ‘விழித்தபோது’ என்று எச்சமா மாத்தினா தப்பிக்கலாம் என்று கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் ஆச்சு. என் வாழ்க்கையில் தமிழ் எச்சத்தை நான் விரும்பி நினைச்ச முதல் சந்தர்ப்பம் அது. பத்தாவதில் எனக்குத் தமிழ் எடுத்த அம்மாவுக்கு இது தெரிஞ்சா நம்ப மாட்டாங்க.

உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுத்துட்டு நிறுத்துறேன். “எல் காதோ எஸ்தா தெபாஹோ தெல் கோச்சே.” கோச்சே கார், தெபாஹோ அடியில். காதோ என்றால் பூனை. கார் தூக்குற ஜாக்கிக்கும் காதோதான். எஸ்தா வந்திருக்கிறதால எங்கேயோ இருக்கு என்று மட்டும் தெரியுது. அடுத்த வாக்கியம் “தியெனே ஆம்ப்ரே.” தியெனே என்றால் வெச்சிருக்கு. ஆம்ப்ரே என்ன என்று அகராதியில் பாருங்க. எழுதும்போது முன்னாடி ஒரு எச் சும்மா உட்கார்ந்திருக்கும்.